நிற்காத இடது சக்கரம்

காவிரியில் வெள்ளம் வந்து ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை போட்டிருந்த வாரம் அது. பரிசல் ஓட்டும் என் அண்ணன் வேலையில்லாமல் நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை, விடுப்பு சொல்லியிருந்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலோரம், மேஜைமேல் என் ரோபோ இருந்தது. இரண்டு சக்கரம், இரண்டு சர்வோ மோட்டார், அவ்வளவுதான். சர்வோ அரைவட்டம்தான் திரும்பும்; எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதை உள்ளேயுள்ள ஒரு சின்னக் குமிழ் அதற்குச் சொல்லும். முழுவதும் சுற்ற வைப்பதற்காக நான் பற்சக்கரத்தின் தடுப்பை வெட்டிவிட்டு, குமிழை அச்சிலிருந்து பிரித்து நடுவில் நிறுத்தி, சூடான பசையால் ஒட்டியிருந்தேன். மோட்டார் எப்போதும் நடுவிலேயே இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் திரும்பச் சொன்னால் சுற்றிக்கொண்டே இருக்கும், நடுவுக்கு வரச் சொன்னால் நிற்கும்.

வலது மோட்டார் நம்பியது. இடது மோட்டார், நில் என்று சொன்ன பிறகும் மெல்ல, மிக மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு மோட்டார்களின் ஒயர்களையும் மாற்றிச் செருகிப் பார்த்தேன். அப்போதும் அதே சக்கரம்தான் ஊர்ந்தது. ஆக, கோளாறு புரோகிராமில் இல்லை, மோட்டாருக்குள்தான். மூடியைத் திறந்து குமிழை மயிரிழை திருப்பினேன், நின்றது. கண் அயர்ந்து விழித்தால் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது. காய்ச்சலின் அரைத்தூக்கத்தில் அந்தச் சத்தம் சில சமயம் தண்ணீரைப் போலவும், சில சமயம் யாரோ மூச்சுவிடுவது போலவும் கேட்டது. கட்டிலே மெல்லத் திரும்புவதாகத் தோன்றும். கண்ணைத் திறந்தால் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை நேரமாக என்று தெரியாது.

மூன்றாம் நாள் அவர்தான் சொன்னார். "காத்தால நல்லாத்தான் நிக்குது கண்ணு. வெயிலு மேஜைக்கு வந்தப்புறம்தான் சுத்துது."

காய்ச்சல்காரிக்குக் கோபம் சுலபமாக வரும். மோட்டாருக்கு வெயில் தெரியுமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ரோபோவைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார். ஜன்னல் பக்கமாக இருந்த இடது மோட்டார் என் நெற்றியைவிடச் சூடாக இருந்தது.

திறந்து பார்த்தேன். பசை இளகியிருந்தது. குமிழ் நடுவிலிருந்து வழுக்கி விலகியிருந்தது.

குமிழையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே அளவுள்ள இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றவைப்பதென்று முடிவு செய்தேன். இரண்டும் சமமாக இருந்தால் நடு என்பது நகராது. நான் பற்றவைக்க, அண்ணன் கவ்வியால் ஒயரைப் பிடித்துக்கொண்டார். துடுப்புப் போட்டுக் காய்த்த அந்த விரல்கள் கொஞ்சமும் அசையவில்லை. ஈயப்புகை வெயிலில் சுருண்டு ஜன்னல் வழியே போனது.

சுவிட்சைப் போட்டேன். இரண்டு சக்கரங்களும் நின்றன. அன்று சாயங்காலம் வரை பார்த்தோம், அசையவில்லை.

"நின்னே போச்சா?" என்றார் அண்ணன். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "சும்மா சுத்தினு இருந்தது பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது மேஜை காலியாக இருந்தது. வாசலில் ரோபோ நேராகப் போய்க்கொண்டிருக்க, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் வேகத்துக்கே அண்ணன் பின்னால் நடந்துகொண்டிருந்தார்.