கார்ட்டில் கிடந்த பிரேக் கட்டை

இதை டைப் அடிக்கும்போதுகூட என் வலது கை நடுநடுவே எதையோ பிடிக்கிற மாதிரி மடங்குகிறது. பிரேக்கைத்தான். ஒரு வாரமாக இப்படி... சோற்றைப் பிசையும்போதும் விரல் இறுகுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மணிமுத்தாறில் நடந்ததைச் சொல்லாமல் இந்த வாரம் வேறு எதையும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு சைக்கிள் குரூப் இருப்பதை இந்தப் பக்கத்தில் முன்பே அளந்திருக்கிறேன். மொத்தம் ஆறு பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எல்லாருக்குமே டாக்டர் மிரட்டிய பிறகுதான் சைக்கிள் மேல் காதல் வந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓட்டுவோம். மீதி ஆறு நாள் வாட்ஸ்அப்பில் சண்டை போடுவோம். எதற்கு? எதை வாங்கினால் உருப்படி, எது தண்டச் செலவு — இதற்குத்தான்.

சங்கர் பேங்க் ஆபீசர். கிராம் கட்சி. எதை மாற்றினாலும் வண்டியில் எத்தனை கிராம் குறையும் என்றுதான் முதலில் கேட்பார். தண்ணீர் பாட்டிலைச் செருகுகிற ஸ்டாண்டைக்கூட கார்பன் ஃபைபரில் வாங்கிய மனுஷன். அவருடைய தொப்பை எத்தனை கிராம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை... ஒரு நாகரிகம்தான். பெடலோடு பூட்டிக்கொள்கிற ஷூ வேறு வைத்திருக்கிறார். செருப்புப் போட்டு சைக்கிள் மிதிக்கிறவர்களைப் பார்த்தால் அவருக்கு முகமே வாடிவிடும்.

நாசர் பாய் எதிர்க்கட்சி. மேலப்பாளையத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். டயர், செயின், பிரேக் — இந்த மூன்றைத் தாண்டிச் செலவழித்தால் அவர் அகராதியில் அது கொழுப்பு. வண்டி ஓடணும், நிக்கணும், வேற என்னவே வேணும் என்பார்.

நான் எந்தக் கட்சி? பாய் பேசும்போது பாய் கட்சி. போனில் ஆஃபர் வந்தால் சங்கர் கட்சி.

மூன்று வாரம் முன்னால் வண்ணார்பேட்டையில் டீ குடிக்க நின்றோம். பாய் என் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். "பிரேக் கட்டை முன்னாடியும் பின்னாடியும் தேஞ்சு கெடக்கு வே. மொதல்ல அதை மாத்தும்" என்றார்.

நல்ல பிள்ளையாக அன்றைக்கே ஆன்லைனில் தேடி கார்ட்டில் போட்டேன். பணம் கட்டப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. டெலிவரிக்குத் தனியாக எழுபது ரூபாய். கூட ஏதாவது வாங்கினால் டெலிவரி இலவசம்!

விடுவேனா? கூட என்ன வாங்கலாம் என்று குரூப்பில் கேட்டேன். அங்கேதான் வந்தது வினை. பாட்டில் ஸ்டாண்டா, ஜெல் சீட்டா, வேகம் காட்டுகிற மீட்டரா? ஆளுக்கு ஒரு லிங்க் அனுப்பினார்கள். விவாதம் மூன்று வாரம் ஓடியது. பிரேக் கட்டை பாவம், கார்ட்டிலேயே கிடந்தது. ஊருக்குள் சமதளம்தானே, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் நிற்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு மறந்தும் போனேன். ஆமாம், சுத்தமாக மறந்தே போனேன்.

இந்த லட்சணத்தில்தான் மணிமுத்தாறு பயணம். என் மனைவி மீனா தானும் வருகிறேன் என்றாள். அவள் டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிளில்தான் தினமும் போவாள். பாயின் லோடு வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக் கல்லிடைக்குறிச்சி வரை போய், அங்கிருந்து மிதிப்பதாகத் திட்டம். ஹெல்மெட் இல்லாதவர்களை பாய் வண்டியில் ஏற்றமாட்டார். மீனா ஹெல்மெட் போட்டிருந்தாள். காலில் வழக்கமான செருப்பு. சங்கர் அதைப் பார்த்தார். முகம் வாடியது.

அணைக்கட்டு மேலே போகிற ஏற்றத்தைப் பாதி மிதித்து, பாதி தள்ளி, ஒருவழியாக ஏறிவிட்டோம். மேலே போட்டோப் படலம். சங்கர் மீனாவின் சைக்கிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைப் பழைய இரும்புக்குப் போட்டால் நல்ல காசு வரும் என்றார். எல்லாரும் சிரித்தோம். அவளும்தான் சிரித்தாள்.

எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. இவ்வளவு ரூபாய் போட்டு இந்த சைக்கிளை வாங்கினீங்களே, அதில் அப்படி என்ன இருக்கு என்று இவள் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. இறங்கும்போது என் சைக்கிளை எடுத்துப் போ, அப்போது தெரியும் என்றேன். தயங்கினாள். குரூப்பே கைதட்டியது. சம்மதித்துவிட்டாள்.

அவள் உயரத்துக்கு சீட்டை இறக்கிக் கொடுத்தேன். ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிபார்த்தேன். எந்த கியர் எதற்கு என்று ஒரு டீச்சருக்கே பாடம் எடுத்தேன். எல்லாம் செய்தேன். பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்க்கவில்லை.

மீனா முதல் ஆளாகக் கிளம்பினாள். மற்றவர்கள் இன்னும் போட்டோவில் இருந்தார்கள். நான் அவளுடைய சைக்கிளில் ஏறிப் பின்னாலேயே போனேன். சரிவு ஆரம்பித்ததும் சும்மா பிரேக்கைத் தொட்டேன். நறுக்கென்று நின்றது வண்டி! முன்பக்கமாகக் கவிழப் போனேன். அடேயப்பா, இந்தக் கிழட்டு சைக்கிளுக்கு என்ன பிரேக் என்று நினைத்தேன்...

அந்த நிமிஷம்தான் என் பிரேக் ஞாபகத்துக்கு வந்தது.

மீனா வளைவில் திரும்பி மறைந்திருந்தாள். கத்தினேன். கேட்டிருக்காது. போனை எடுத்து அடித்தேன். என் முன்னால் இருந்த கூடைக்குள்ளேயே மணி அடித்தது. பர்ஸையும் போனையும் அவள் அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

கீழே வளைவு தாண்டினால் கால்வாய்ப் பாலம். ஞாயிற்றுக்கிழமை... அருவிக்குப் போகிற வேன்கள் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வேனும் என்னைத் தாண்டும்போது டிரைவர் முகத்தைப் பார்த்தேன். கீழே எதையாவது பார்த்துவிட்டு வருகிற முகமா இது? பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்கு என்ன சொல்வேன்? டெலிவரி சார்ஜ் மிச்சம் பிடித்தேன் என்றா? கடவுளே, எழுபது ரூபாய், எழுபது ரூபாய் என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே இறங்கினேன்.

வளைவு திரும்பியதும் பார்த்தேன். ஒரு வேன் ஓரமாக நின்றது. நாலைந்து பேர் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். என் சைக்கிள் மண்ணில் சாய்ந்து கிடந்தது. மீனா தெரியவில்லை.

அந்த இருபதடி தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று இப்போதும் தெரியாது. ஆட்களை விலக்கிக்கொண்டு போனேன். பாலம் வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் தலையில் அப்படியே இருந்தது. முழங்கையில் ரத்தம். முழங்கால் பக்கம் சுடிதார் கிழிந்திருந்தது. ஒரு செருப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பிரேக்கு பிடிக்கவே மாட்டேங்கு. ரெண்டு காலையும் ரோட்டுல தேச்சுக்கிட்டே வந்து, மணலுக்குள்ள விட்டுட்டேன்."

செருப்பின் குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டையே விழுந்திருந்தது.

அழுதேன். நடு ரோட்டில், வேன்காரர்கள் முன்னால். கீறலுக்குப் போய் இப்படியா அழுவாங்க என்று அவள் என்னைத் தேற்றினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மூணு வாரமாத் தெரியும் மீனா. டெலிவரி சார்ஜ் பார்த்துக் கட்டையை மாத்தாம கார்ட்ல போட்டு வச்சிருந்தேன்" என்றேன்.

அவள் தேற்றுவது நின்றது. அதற்குள் பாய் இறங்கி வந்துவிட்டார். சைக்கிளை நிமிர்த்தி பிரேக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு லோடு வண்டியில் திரும்பினோம். சேரன்மகாதேவி தாண்டும்போது மீனா கேட்டாள்.

"டெலிவரிக்கு எவ்வளவு?"

"எழுபது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சமாதானபுரத்தில் ஒரு சைக்கிள் கடையில் கட்டை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இதற்கா மூன்று வாரம்? யோசித்துப் பார்க்கிறேன். ஓடுவதற்கு வாங்குகிற எதையும் நான்கு பேரிடம் காட்டலாம், போட்டோ போடலாம், லைக் வரும். நிற்பதற்கு வாங்குகிற ரப்பர் துண்டை யாரிடம் காட்டுவது? வேகத்துக்கு உடனே பணம் கட்டிவிடுகிறோம். பிரேக்குக்குத்தான் டெலிவரி சார்ஜ் பார்க்கிறோம்.

சங்கருக்குப் பிடித்த மாதிரி அவள் பூட்டுகிற ஷூ போட்டு, என் சைக்கிளிலும் அதற்கான பெடல் இருந்திருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

குரூப் திருந்திவிட்டதா என்ன? நேற்று சங்கர் எழுதியிருந்தார். பிரேக்கை அப்கிரேட் பண்ணப் போகிறாராம், எது பெஸ்ட் என்று கேட்டார். நான் மீனாவின் ஓட்டைச் செருப்பை போட்டோ எடுத்து அனுப்பினேன். அதை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை. நான் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், என் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்கிறாள். குரூப்பில் பதிலுக்கு பாய் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டார்.

இந்த ஞாயிறும் மீனா வருகிறாள். அவளுடைய சைக்கிளில்தான்.

கிளம்பும் முன் என் பிரேக்கை அவள்தான் பிடித்துப் பார்ப்பாளாம்.