மூன்றாம் அடுக்கில் அம்மாவின் பெயர்

உங்கள் தாய் உங்கள் தாய்தான் என்று நாளை மாலைக்குள் ஒரு வக்கீலின் மேசை முன்னால் நிரூபிக்கச் சொன்னால் எதை எடுத்து நீட்டுவீர்கள்? பிறப்புச் சான்றிதழா? அதில் எழுதியிருக்கிற பெண்ணும் உங்களுக்குச் சோறு ஊட்டிய பெண்ணும் ஒருத்திதான் என்று அவர் எதை வைத்து நம்புவார்? சிரிக்காதீர்கள். லாத்து ஃபொனுவாவும் முதலில் சிரிக்கத்தான் செய்தான்.

லாத்துவின் உயரம் ஆறடி எட்டு அங்குலம். அப்பா விலியாமி டோங்கா தீவுக்காரர். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஓர் இறைச்சிக் கூடத்தில் முழு ஆடுகளைத் தோளில் சுமந்து பிழைத்தவர். அம்மா பிலிப்பைன்ஸின் அந்திகே மாகாணத்துப் பெண். பதினேழு வயதில் ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போய், அந்த வீட்டாரோடு ஆக்லாந்துக்கு வந்து, விலியாமியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவள். லாத்து ஞாயிறு காலையில் டோங்கா வழக்கப்படி இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு அப்பாவின் தேவாலயத்தில் பாடுவான். மதியம் அம்மா பொரித்த கருவாட்டோடு சோறு தின்பான். இரண்டும் ஒரே பையனுக்குள் சண்டை போடாமல் இருந்தன.

இருபத்து மூன்றாம் வயதில் மணிலாவுக்கு வந்து, தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் அணியில் சேர்ந்தான். வெளிநாட்டில் பிறந்தவனும் ஆடலாம், ஆனால் பெற்றோரில் ஒருவராவது பிலிப்பினோ ரத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டையும் பிறப்புப் பதிவையும் கொடுத்தான். பெர்பெதுவா மகலோனா, பிறப்பு 1956. வாங்கிப் பார்த்து முத்திரை குத்திவிட்டார்கள்.

இரண்டு பருவங்கள் ஆடினான். வளையத்தின் அடியில் அவன் நின்றால் எதிரணிக்காரர்கள் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். ஆனால் ஃப்ரீ த்ரோ என்கிற தனி எறிதலுக்குக் கோட்டில் நின்றால் பாதிக்குப் பாதி தவறவிடுவான். அவன் பந்தை உள்ளே போட்டால் கூட்டம் "நம்ம பையன்டா!" என்று கத்தும். பந்து வெளியே போனால் அதே வாய்கள் "போடா டோங்காக்காரா, தேங்காய் பறிக்கப் போடா!" என்று கத்தும். ஒரு ஆட்டத்துக்குள்ளேயே பதினைந்து இருபது தடவை அவனுடைய நாடு மாறும். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பருவம் முடிந்தால் அம்மாவின் ஊருக்குப் போய்விடுவான். அங்கே அம்மாவின் தம்பி ஹெர்மென் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார். வண்டிக்குள் லாத்துவால் உட்கார முடியாது. கூரைமேல் உட்கார்ந்துதான் வருவான். ஊர் ஆடுகளத்தில் காலையில் நெல் காயும், மாலையில் ஆட்டம் நடக்கும், யாராவது செத்தால் சவப்பெட்டியும் அங்கேதான். ஆடுகளத்துச் சுவரில் மேயரின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். பையன்கள் வெறுங்காலோடு அவன்மீது வந்து மோதுவார்கள். "அண்ணே, கொஞ்சம் குனிஞ்சு ஆடுண்ணே, நியாயமா இருக்கும்!"

2006-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி. செத்தவர்களை நினைக்கும் நாள் என்பதால் அன்றைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும். பாசி சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, பெயர்களுக்குப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் பூசி, மெழுகுவத்தி ஏற்றி, செத்தவர்களின் தலைமாட்டிலேயே பாய் விரித்துச் சாப்பிட்டுச் சீட்டாடுவார்கள். ஏழைகளுக்கு நிலத்தில் இடமில்லை. சிமென்ட் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவரில்தான் அவர்களுக்கு இடம்.

"மருமகனே, ஏணி எடுத்துட்டு வர மறந்துட்டேன்," என்றார் ஹெர்மென்.

"நான் போய் எடுத்துட்டு வரட்டுமா மாமா?"

"எதுக்குடா? நீயே ஏணிதானே! அந்த மூணாவது அடுக்குல ஓரத்துப் பெட்டி நம்மளோடது. அடிச்சு விட்டுடு."

லாத்து பாசியைச் சுரண்டினான். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தூரிகையைக் கறுப்பில் தோய்த்து அவற்றின்மேல் ஓட்டிக்கொண்டே வந்தவன், கடைசி எழுத்தில் நின்றான்.

"மாமா. இது அம்மா பேரு."

"ஆமா."

"அம்மா உசுரோடதான் இருக்காங்க. போன வாரம் போன்ல அரை மணி நேரம் என்னைத் திட்டினாங்க."

"இது அந்த அக்கா இல்லடா. அதுக்கு முந்தின அக்கா. ஒன்றரை வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?"

ஹெர்மென் தலையைச் சொறிந்தார். "ஒரு காகிதம்தான் இருந்துச்சு. அப்புறமா சொல்றேன். பெயின்ட் காயுது பாரு."

அந்த நேரத்தில்தான் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் நோட்டு, இன்னொருவன் கழுத்தில் கேமரா. ஆட்டக்காரனின் குடும்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதப் போவதாகச் சொன்னார்கள். கல்லறை நாளில் வந்தவனை யாரும் ஊர் பேர் விசாரித்துவிட்டுச் சாப்பாடு போடுவதில்லை. முதலில் சாப்பாடு, பிறகு விசாரணை, பெரும்பாலும் விசாரணையே கிடையாது. ஹெர்மென் அவர்களை உட்கார வைத்தார். இலையில் கட்டி அவித்த பசையரிசிப் பண்டத்தைக் கொடுத்தார், தென்னங்கள்ளை ஊற்றினார்.

"உங்க குடும்பக் கல்லறை எதுங்க?" என்றான் நோட்டுக்காரன்.

"அந்த மேல இருக்கே, அதான்!" ஹெர்மெனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அக்கா முதல் மாசச் சம்பளத்துல கட்டினது. முன்னாடி வெறும் மரச் சிலுவைதான் இருந்துச்சு, கறையான் தின்னுடுச்சு. வருஷா வருஷம் அந்தப் பேருக்கு நான் பெயின்ட் அடிக்காம விட்டதில்ல. இந்த வருஷம் மருமகன் கை."

"தம்பி, தூரிகையோட அப்படியே கொஞ்சம் திரும்புங்க," என்றான் கேமராக்காரன்.

லாத்து திரும்பிச் சிரித்தான்.

நான்கு நாள் கழித்து அந்தச் சிரிப்பு மணிலா பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. மேலே தலைப்பு: "செத்த குழந்தைக்குப் பிறந்த வீரன்!" கல்லில் இருந்த பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும், அவன் லீக்குக்குக் கொடுத்த பெயரும் தேதியும், பக்கத்தில் பக்கத்தில். வந்தவர்கள் எதிரணிக் கம்பெனி அனுப்பிய ஆட்கள். அவர்கள் துப்பறிய வேண்டிய வேலையே இருக்கவில்லை. சாட்சியத்தைக் குற்றவாளியே பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தான்.

லாத்து அம்மாவுக்குப் போன் செய்தான். அவள் அழவில்லை, அழுகிற சாதி இல்லை அவள்.

"எனக்குப் பதினேழு வயசு. ஏஜென்ட் இருபத்தொண்ணு கேட்டான். என் பேர்ல காகிதமே கிடையாது, அப்புறம் வயசை எங்க பாக்கறது? அக்கா காகிதம் பெட்டியில சும்மா கிடந்துச்சு. எங்கப்பா எடுத்துக் கொடுத்தார். ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் கப்பல் ஏறினோம்."

"உங்களுக்கு ஏம்மா காகிதம் இல்ல?"

"நான் நெக்ரோஸ் தீவுல பொறந்தேன்டா. கரும்பு வெட்டப் போன எடத்துல. அங்க கரும்பை எடை போட்டு எழுதிக்கறதுக்கு மூணு கணக்குப்பிள்ளை இருந்தாங்க. பொறந்த பிள்ளையை எழுதிக்க ஒருத்தனும் இல்ல."

"அப்ப உங்க பேரு?"



"சொலெதாத். கப்பல் ஏறினதுலேருந்து யாரும் கூப்பிட்டதில்ல. நீயும் கூப்பிட்டுத் தொலைக்காத."

"கல்லறை எதுக்கும்மா கட்டினீங்க?"

"அவ பேரை நான் எடுத்துக்கிட்டேன். கல்லுலயாவது அவளுக்கு விட்டு வைக்க வேணாமா?"

இதைத்தான் சட்டம் மோசடி என்கிறது. பல லட்சம் டன் கரும்பின் எடை கிலோ பிசகாமல் ஏட்டில் ஏறியது. அதை வெட்டியவர்களின் பிள்ளைகள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அதற்கு எந்தச் சட்டத்திலும் பெயரில்லை. ஊரில் லாத்துவுக்காக அந்தோணியாருக்கு நாற்பது மெழுகுவத்தி ஏற்றினார்கள். அந்தோணியார் வக்கீல்களைப் போலவே முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

விசாரணை மணிலாவில் நடந்தது. லாத்துவோடு ஹெர்மெனும் போனார், வாழ்க்கையில் முதல்முறையாகக் காலுறை போட்டுக்கொண்டு.

"படத்துல இருக்கறது நீங்கதானே?" என்றார் லீக்கின் வக்கீல்.

"நான்தான்."

"யாரோட கல்லறை?"

"பெரியம்மாவோடது."

"பேரு?"

"பெர்பெதுவா மகலோனா."

"சரி. அப்ப உங்க அம்மா பேரு என்ன?"

லாத்து படத்தை வக்கீல் பக்கமே திருப்பித் தள்ளினான். அம்மாவின் உண்மைப் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் ஆக்லாந்தில் அம்மாவின் குடியுரிமை, வீடு, எல்லாம் செத்துப்போன அக்காவின் பெயரின்மேல் நின்றன. விலியாமிக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போயிருந்தது. அவரைக் காலையில் தூக்கி உட்கார வைப்பவள் அவள்.

ஹெர்மெனால் பொறுக்க முடியவில்லை. எழுந்து சட்டைக் கையை மடக்கினார்.

"ஐயா வக்கீலே, உங்க விதியில ரத்தம்னுதானே போட்டிருக்கு? எடுங்க. என்னோடதையும் எடுங்க, அவனோடதையும் எடுங்க. ஒத்துப்போகுதான்னு டாக்டர் சொல்லிட்டுப் போறார். ரெண்டு பாட்டில் வேணும்னாலும் எடுங்க, காலையில நல்லா சாப்பிட்டுத்தான் வந்திருக்கேன்!"

"உக்காருங்க. இங்க ரத்தம் பாக்கறதில்ல. காகிதம்தான்."

விதியில் ரத்தம். சோதனைக்கு மட்டும் ரத்தம் வேண்டாம். அறிவியல் ஒரு வாரத்தில் தீர்த்து வைத்திருக்கும் வழக்கை, ஒரு சுண்ணாம்புச் சுவரை வைத்துத் தீர்த்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் வக்கீல் லாத்துவைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. "இதோ பார் தம்பி. உங்க அம்மா நேர்ல வரட்டும். அது என் பேர் இல்ல, என் பேர் இதுதான்னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கட்டும். ஒரு வருஷம் தடை போடுவாங்க. அப்புறம் நீ ஆடலாம். இன்னும் பத்து வருஷம் இருக்கு உனக்கு."

அன்று மாலையே அம்மா போனில் சொன்னாள், "டிக்கெட் பாத்துட்டேன். வர்றேன். சொல்லிடறேன்."

"சொன்னா திரும்பிப் போக விடுவாங்களாம்மா?"

"விட்டா போறேன்."

"விடலன்னா அப்பாவை யார் குளிப்பாட்டுவா?"

போனில் பின்னால் விலியாமி ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது.

"வராதீங்க," என்றான் லாத்து. "எனக்குத்தான் ஃப்ரீ த்ரோ வராதே, லீக் என்னத்துக்கு?"

அணி மறுநாளே ஒப்பந்தத்தைக் கிழித்தது. பெயர்ப் பட்டியல்களிலிருந்து அவனை எடுத்தார்கள். அவன் போட்ட புள்ளிகளையும் அழித்தார்கள், அந்தப் பந்துகள் வளையத்துக்குள் போகவே இல்லை என்பது போல. அவன் நாட்டை விட்டுப் போவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. அம்மாவின் ஊரில் ஹெர்மென் வீட்டின் பின்னறையில் தங்கினான். சில மாதங்களுக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்று விசாவை நீட்டித்துக்கொண்டான்.

பிழைப்புக்குத் திருவிழா ஆட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு ஊர்த் திருவிழாவிலும் பந்தயம் நடக்கும்; ஒவ்வொரு மேயருக்கும் தன் ஊர் ஜெயித்தாக வேண்டும். அவர்கள் காகிதம் கேட்கவில்லை. ஒரு நாள் ஆட்டத்துக்குப் பேசிய பணம், ஒரு பன்றித் தொடை, போக வரப் படகுச் செலவு. இன்றைக்கு இந்தத் தீவுக்கு ஆடுவான், அடுத்த வாரம் அதற்கு எதிராக ஆடுவான். காங்கிரீட் தளத்தில் குதித்துக் குதித்து முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தன. பத்து வருடம் இப்படிப் போயிற்று. ஒரு தேர்ந்த ஆட்டக்காரனின் வாழ்நாளே அவ்வளவுதான்.

2016-இல் விலியாமி இறந்தார். மறு வருடம் அம்மா ஊருக்கு வந்தாள். நாற்பது வருடம் கழித்து. வந்து மூன்றாம் நாள் மகனைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

"என் பொறப்பைப் பதியணும்," என்றாள்.

எழுத்தர் அவளுடைய நரைமுடியைப் பார்த்தார். "எந்த மருத்துவமனையில பொறந்தீங்க?"

"கரும்புக்குள்ள."

"அதில்லைம்மா, மருத்துவமனை..."

"கரும்புக்குள்ளன்னு சொல்றேன்ல. ரெண்டு வரிசைக்கு நடுவுல. வேணும்னா எந்த வரிசைன்னு எழுதிக்கோ."

சாட்சி கேட்டார்கள். பக்கத்து ஊரில் ஃபெலிசா என்கிற கிழவி இருந்தாள்; அந்தக் காலத்தில் கூடவே நெக்ரோஸுக்குக் கரும்பு வெட்டப் போனவள், கரும்புக் கத்தியை நெருப்பில் காட்டித் தொப்புள்கொடியை அறுத்தவள். அவளை ஹெர்மெனின் வண்டியில் ஏற்றி வந்தார்கள். "இவதான். அன்னைக்கும் இப்படித்தான் கத்தினா," என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாள் ஃபெலிசா. இரண்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. சொலெதாத் மகலோனா. பிறப்பு 1960. பதிவு 2017. குடியுரிமையைப் பற்றி ஆக்லாந்திலிருந்து இதுவரை கடிதம் எதுவும் வரவில்லை. வந்தால் வரட்டும் என்கிறாள் அவள்.

லாத்து அதன் நகலை லீக் அலுவலகத்துக்கு அனுப்பினான். மரியாதையாகப் பதில் வந்தது. ஆவணங்கள் சரியாக இருக்கின்றன, ஆட விண்ணப்பிக்கலாம், உடல் தகுதிச் சான்றும் இணைக்கவும். அப்போது அவனுக்கு முப்பத்தாறு வயது. வீட்டுப் படியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான்.

அந்த நவம்பர் முதல் தேதி அம்மாவும் கல்லறைக்கு வந்தாள். அவளுடைய தலை இரண்டாம் அடுக்குக்குக்கூட எட்டவில்லை. ஹெர்மென் இந்த முறையும் ஏணி கொண்டு வரவில்லை. லாத்து ஒரு முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைத் தோளில் ஏற்றி எழுந்தான்.

"விழுந்தேன்னா உன்னைக் கொன்னுடுவேன்," என்றாள் அம்மா மேலிருந்து.

"சும்மா பெயின்ட் அடிங்கம்மா. கால் வலிக்குது."

அவள் அக்காவின் பெயரை எழுத்து எழுத்தாகக் கறுப்பாக்கினாள். அவசரப்படவில்லை. இப்போது அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை.

இதைப் படித்துவிட்டு லாத்துவுக்காக வருத்தப்பட வேண்டாம். அதனால் அவன் முழங்கால் சரியாகாது. உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும், அதன் ஓரத்தில் இந்த வாரம் எங்கிருந்தோ கரும்பு வெட்டவோ செங்கல் அறுக்கவோ வந்து குடிசை போட்டிருப்பார்கள். அங்கே போங்கள். பிறந்த பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு நடங்கள். எழுத்தர் நாளைக்கு வரச் சொன்னால், அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே உட்காருங்கள்.