வெண்ணெய்தான், சாப்பிடு

ஸ்பானிஷ் எனக்கு வரும் என்று நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆம்பூரில் நாங்கள் வேலை பார்க்கும் தோல் கம்பெனி, எங்கள் இருவரையும் மெக்சிகோவுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து போனைப் பார்த்து முணுமுணுத்தேன். தண்ணீர், சாதம், என்ன விலை, நன்றி என்ற அளவுக்கு வந்தது. அந்த அரைகுறையை நம்பி ஒருத்தன் என்னோடு கிளம்பினான்.

அவன் ஆறாம் வகுப்பிலிருந்து என் தோஸ்த். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியைக் கழற்றும் பிரிவு அவன் பொறுப்பு. ஐந்து வேளை தொழுகிறவன். எங்கள் வீட்டிலோ எல்லாக் கறியும் வேகும். அதனால் அவனுக்கென்று அம்மா தனியாக ஒரு சட்டியும் தட்டும் வைத்திருந்தாள். அவன் வருகிற நாளில் கறி பாய் கடையிலிருந்துதான் வரும். இத்தனை வருஷத்தில் அவன் எதையும் கேட்டுவிட்டுச் சாப்பிட்டதில்லை. அம்மா வைத்தால் சாப்பிடுவான்.

விமானத்தில் ஏறும்போதே சொன்னான். "அங்க எனக்கு ஒண்ணும் புரியாது. நீ சாப்பிடுன்னா சாப்பிடுவேன், வேணாம்னா வேணாம். அவ்ளோதான்."

பயிற்சி முடிந்து ஒரு வாரம் விடுப்பு இருந்தது. அங்கே எங்களோடு வேலை பார்த்த ஒருவர் யுகட்டான் பக்கத்து மாயா பழங்குடிக் கிராமத்துக்காரர். தன் அக்கா சந்தையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகவும், மாயா சமையலைப் பார்க்காமல் ஊர் திரும்பக்கூடாது என்றும் சொல்லி எங்களை அழைத்துப் போனார்.

அந்த அக்கா முதலில் காட்டியது சோளம் ஊறிய குண்டான். மூடியைத் திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூக்கைத் தூக்கினோம். சுண்ணாம்பு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழற்றி அரைக்கிறார்கள். அவன் ஒரு மணியை எடுத்து விரலால் தேய்த்தான். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"முடி கழண்டுடுச்சு பாரு" என்றான். "நம்ம தொழிலுதான்டா இது. எவ்ளோ நேரம் ஊறணும், கேளு."

கேட்டுச் சொன்னேன். பெரிய அதிகாரி மாதிரி தலையாட்டினான். அந்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வந்த நாள் முதல் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டியவன், அன்றைக்குத்தான் அந்த நாட்டில் கொஞ்சம் இளகினான்.

பிறகு அவர் அரைத்த மாவில் ஒரு கீரையைப் பொடியாக நறுக்கிப் போட்டார். கீரையின் பெயர் சாயா. "டீயைக் கீரைன்றாங்க" என்று இவன் கிண்டல் செய்தான். உள்ளே அவித்த முட்டையும் வறுத்துப் பொடித்த பூசணி விதையும் வைத்து, வாழையிலையில் சுற்றி ஆவியில் வேகவைப்பார்களாம். கறி இல்லை. நான் நிம்மதியாக இருந்தேன். மாவு பிசையும்போது வெள்ளையாக ஒன்றை அள்ளிப் போட்டார். என்னவென்று கேட்டேன். "மன்தேகா" என்றார்.

விடுதியில் காலையில் ரொட்டியோடு தரும் வெண்ணெய்ப் பொட்டலத்தில் மன்தேகியா என்று போட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் வார்த்தையை வெட்டிச் சுருக்கித்தான் பேசுவோம். போய்விட்டான் என்பது போய்ட்டான் ஆகிவிடும். கிராமத்து வாயில் இவர்களும் வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மேதாவி நான்.

"வெண்ணெய்தான், சாப்பிடு" என்றேன். பிஸ்மி சொல்லி மூன்று சாப்பிட்டான்.

மறுநாள் காலை சந்தையில் நான் மட்டும் தனியாகச் சுற்றினேன். ஒரு கடையில் வெள்ளை வாளிகள் அடுக்கியிருந்தன. மன்தேகா என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு பன்றி படம். போனில் போட்டுப் பார்த்தேன். பன்றிக் கொழுப்பு. பக்கத்தில் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அறைக்குப் போனேன். அவன் தொழுதுகொண்டிருந்தான். முடித்து எழுந்ததும், "அந்தக் கீரையை இன்னிக்கும் சாப்பிடலாமா?" என்றான். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். அன்றிலிருந்து மூன்று நாள் வாயைத் திறந்தால் பொய். அந்தக் கடை மூடியிருக்கிறது, கீரை தீர்ந்துவிட்டது, முட்டை பழசு. மண்ணில் குழி வெட்டிக் கல்லைச் சூடாக்கி அதற்குள் சுடும் சமையலைப் பார்க்கப் போனோம். அருமையான வாசனை. நான் அடுப்பைப் பார்க்கவில்லை, அவன் கை எதைத் தொடுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் தின்றது பாவமில்லை, சொன்னால் அவன் மனசுதான் நோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்று அந்த அக்கா பஸ் நிலையத்துக்கே வந்து, வழிக்கு என்று வாழையிலைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவன் பிரித்துவிட்டான். இன்னும் சூடு ஆறவில்லை. எடுத்து வாய்க்குக் கொண்டு போனான்.

"வெய்டா கீழ" என்றேன். "அது வெண்ணெய் இல்ல. பன்னிக் கொழுப்பு. அன்னிக்கும் அதுதான்."

அப்படியே வைத்தான். இலையை ஒழுங்காக மடித்தான். எழுந்துபோய்க் குழாயில் கையைக் கழுவி, வாயை மறுபடி மறுபடி கொப்பளித்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே நின்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

"தெரியாம சாப்பிட்டது என் தலைல விழாது. அல்லாவுக்குத் தெரியும்" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. "நீ தெரிஞ்சிக்கினு மூணு நாள் என் கூடவே சுத்தினியே. நான் தொழும்போது பின்னாடி உக்காந்துனு இருந்தியே. அதை இன்னான்னு சொல்றது?"

பயந்துட்டேன்டா என்றுகூடச் சொல்ல வரவில்லை. பஸ்ஸிலும் விமானத்திலும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, சாதாரணமாகவே பேசினான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊருக்கு வந்த பிறகும் ஒன்றும் மாறவில்லை. கம்பெனியில் சேர்ந்துதான் டீ குடித்தோம். அடுத்த மாதம் அம்மா அவனைச் சாப்பிட வரச் சொன்னாள். வந்தான். பாய் கடைக் கறி, அவன் சட்டி, அவன் தட்டு. எல்லாம் பழையபடிதான். சோற்றில் கை வைக்கப் போனவன் நிறுத்தினான்.

"அம்மா, இது இன்னா எண்ணெய்ல செஞ்சீங்க?"

"எப்பவும் போல ஒடுகத்தூர் செக்குல ஆட்டின கடல எண்ணெய்தான் கண்ணு. ஏன் கேக்கற?"

"சும்மாதாம்மா" என்று சாப்பிட ஆரம்பித்தான். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள்.