லாமாரா இங்கே இருந்ததற்குச் சான்று

லாமாரா ஒன்பது வருடமாக எங்கள் வோலோஸ் நகரத்தில் இருக்கிறாள். இதை நிரூபிக்க வேண்டிய நாள் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டுக்கு எள் ரொட்டி கொஞ்சம் கருகலாக வேண்டும், எந்தக் கிழவர் நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்குக் கேட்பார் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்குத்தான் தெரியும். ரொட்டிக்கடை என்னுடையது. ஆனால் நான் முன்னால் நின்றால் வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "எங்க அவ?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜார்ஜியா நாட்டில் ஒரு பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். கணவன் செத்த பிறகு சுற்றுலா விசாவில் கிரீஸுக்கு வந்தாள். விசா முடிந்தது, அவள் திரும்பவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். சாலையில் ஒரு வண்டிகூட இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பாள். போலீஸ்காரர் ரொட்டி வாங்க வந்தால், மாவு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். அங்கே ஜார்ஜியாவில் அவள் மகனுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டன. பேரப்பிள்ளைகளைப் போனில்தான் பார்த்திருக்கிறாள். போனால் திரும்பி வர முடியாது. இங்கிருந்து அவள் அனுப்பும் பணத்தில்தான் அந்த வீடு நடக்கிறது.

போன வசந்தத்தில் எங்கள் கடைக்கு வரும் வக்கீல் கல்லிரோயி ஒரு வழி சொன்னாள். ஏழு வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்து, ஊரோடு ஒட்டிப்போனவர்கள் தங்க அனுமதி கேட்கலாமாம்.

"அப்படின்னா இவளுக்குத்தான் முதல்ல கொடுக்கணும். இவ என்னைவிட ஊரோட ஒட்டினவ" என்றேன்.

"ஒட்டினது காகிதத்துல தெரியணும், ஸ்தமாதியா" என்று என்னிடம் சொன்னாள் கல்லிரோயி.

மூவரும் காகிதம் தேடினோம். அடுப்பில் கை வெந்தபோது அரசு மருத்துவமனை கொடுத்த சீட்டு கிடைத்தது. அன்று வலியில் அழுதவள், இப்போது அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே, "நல்லவேளை, பெருசா வெந்துச்சு" என்றாள். கண் பரிசோதித்த சீட்டு ஒன்று. பல் பிடுங்கியது ஒன்று. ஒழுங்காக, நோய்நொடி இல்லாமல் இருந்த வருடங்கள்தான் எங்களைத் திண்டாட வைத்தன.

"மத்த வருஷத்தையெல்லாம் எப்படியாவது ஒப்பேத்திடலாம்" என்றாள் கல்லிரோயி. "அந்த ஏழுல முதல் வருஷத்துக்கு ஒண்ணுமே இல்ல. தேதியோட, அரசாங்க முத்திரையோட ஒரே ஒரு காகிதம். அது இருந்தா போதும்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால்தான் என் மகள் அந்தியின் ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தாய் லாமாரா. எண்ணெய் பூசி வழுக்கிய குழந்தையைப் பாதிரியார் கையிலிருந்து துண்டில் வாங்கிக்கொண்டவள் அவள். சடங்குப்படி மேற்கே திரும்பி, சாத்தானை மூன்று முறை துப்பி விரட்டியவள் அவள். விசுவாசப் பிரமாணத்தை அவள் ஜார்ஜிய மொழியில் சொன்னாள். பாதிரியார், "பரவாயில்ல, கடவுளுக்குப் புரியும்" என்றார். அந்தி இன்றுவரை அவளை நோனா என்றுதான் கூப்பிடுகிறாள், ஞானத்தாயை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த ஞானஸ்நானம் நகராட்சிப் பதிவேட்டிலும் ஏறும், ஞானத்தாயின் பெயரோடு. தேதி, முத்திரை எல்லாம் உண்டு.

நான் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் ஏட்டைப் புரட்டிப் படித்தாள்.

"ஞானத்தாய், ஸோயி."

"ஸோயி என் தங்கச்சி. லாமாரான்னு இருக்கும், சரியா பாரும்மா."

"ஸோயின்னுதான் இருக்கு. கையெழுத்தும் போட்டிருக்காங்க."

ஏட்டை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் லாமாரா சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அக்கா, குழந்தையை நான் வாங்கிக்கிறேன். அரசாங்கக் காகிதத்துல மட்டும் என் பேர் வேண்டாம். யாராவது வந்து தேடினா?" நான் உடனே சரி என்றேன், ஸோயியைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவளுக்காக மட்டும் சரி என்றேன் என்று சொன்னால் அது பொய். அனுமதி இல்லாதவளை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் எனக்கும் அபராதம் வரும் என்ற பயம் எனக்குள் இருந்தது. அவள் கெஞ்சியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை அப்படியே மறந்தும் போனேன்.

ஸோயிக்குப் போன் செய்தேன்.

"நான் அன்னிக்குக் குழந்தையைத் தொடக்கூட இல்லையே அக்கா. புது கவுன்ல எண்ணெய் பட்டுடும்னு தள்ளி நின்னேன்" என்று சிரித்தாள்.

"அந்தக் கவுனோட உன்னை அடுப்புல போடணும்" என்று போனை வைத்தேன். அவள் மேல் என்ன தப்பு? கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவேட்டைத் திருத்த முடியாது, திருத்தப் போனால் ஸோயி பொய்க் கையெழுத்துப் போட்டவள் ஆகிவிடுவாள் என்றாள் கல்லிரோயி. ஆகவே இருக்கிறதைக் கொண்டு விண்ணப்பித்தோம். துண்டும் குழந்தையுமாக லாமாரா நிற்கிற புகைப்படம். பாதிரியாரின் கடிதம். தெருக்காரர்கள் அறுபத்திரண்டு பேரின் கையெழுத்து. கடைசியில், எட்டு வருடமாக இவள் என் கடையில் வேலை செய்கிறாள் என்று நானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். அபராதம் வந்தால் வரட்டும் என்று எழுதினேன். இந்தத் துணிச்சல் ஏழு வருடம் பிந்தி வந்தது.

குடியேற்ற அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"போட்டோல தேதி இல்லையே."

"குழந்தையைப் பாருங்க சார். ஒரு வயசு. இப்போ எட்டு வயசு. கணக்குப் போட்டுக்கோங்க."

"இந்த வாக்குமூலம் யாரோடது?"

"என்னோடது."

"தேதி?"

"இன்னிக்கு."

"அப்போ இன்னிக்கு இங்க இருக்காங்கன்னுதானே இது சொல்லுது. சரி, வேலை செஞ்சாங்கன்னா இன்சூரன்ஸ் கட்டினீங்களா?"

"காகிதம் இல்லாதவங்களுக்கு எப்படிக் கட்டுறது?"

"காகிதம் இல்லாதவங்களை எப்படி வேலைக்கு வெச்சீங்க?"

வேலை இருந்தால் காகிதம் கிடைக்கும், காகிதம் இருந்தால்தான் அது வேலை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. பக்கத்தில் லாமாரா, பூகோள வகுப்பில் வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டதைப் பார்ப்பவள் போலக் குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். கல்லிரோயி கடையில் நின்றபடியே படித்துவிட்டு, மேல்முறையீடு போடலாம் என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"இதைப் பத்திரமா வெச்சுக்கோ லாமாரா. இதுவும் ஒரு சான்றுதான். தேதி இருக்கு, முத்திரை இருக்கு. நீ இங்க இருக்கேன்னு அரசாங்கமே எழுதியிருக்கு. பின்னாடி உதவும்."

"போகச் சொல்ற காகிதமா, இருக்கறதுக்கு உதவும்?"

"ஆமா."

"போகாம இருந்தாத்தானே உதவும்?"

"ஆமா."

"போகலைன்னா குற்றமில்லையா?"

கல்லிரோயி இதற்கும் ஆமா என்றாள்.

லாமாரா கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர், கீழே எங்கள் கடையின் முகவரி. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நான் எழுதாமல் விட்ட பெயரை அவர்கள் எழுதியிருந்தார்கள். உறவென்று கொண்டாடிய நான் எழுதவில்லை, துரத்துகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா" என்றாள் அவள். "இதைப் பார்த்து நான் சந்தோஷப்படணுமா, பெட்டி கட்டணுமா?"

"தெரியலடி" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்றாள். காகிதத்தில் மாவு படாதபடி மடித்து என்னிடமே கொடுத்தாள்.