மழைக்குப் புதுசு

கமலவேணியின் கார் கோரிமேட்டு இறக்கத்தில் வழுக்கி, வந்த திசையைப் பார்த்துத் திரும்பி நின்றபோது, வண்டிக்குள் கத்தியது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் அப்துல் மாலிக் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவருக்குக் கத்தக்கூடத் தெம்பு இருக்காது. ஐப்பசியின் முதல் பெரிய மழை. முன்னால் போன ஸ்கூட்டர்காரன் பெரிய மகராசன் மாதிரி நட்ட நடு ரோட்டில் நின்றான். இவள் பிரேக்கை மிதித்தாள். அவ்வளவுதான், வண்டி தன் இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இவருக்கு மட்டும் கண்ணாடியில் இடித்து நெற்றியில் சின்னதாக ஒரு வீக்கம். யா அல்லாஹ், அந்த வீக்கம் எங்களை என்ன பாடு படுத்தியது!

கமலவேணி யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று உங்களுக்குப் புரியாது. அவள் முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு வீட்டில் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள். இவள் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் சக்கர நாற்காலி தள்ளினாள். டயாலிசிஸ் முடிந்தவர்களை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து விடுவாள். அவர்கள் அங்கிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போய், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பார்த்துப் பார்த்து இவளுக்கு மனசு ஆறவில்லை. "நோவாளிங்கள ரோட்டுல உட்டுட்டுப் போறதுக்கு ஒரு சம்பளமா?" என்று தனக்குத்தானே திட்டிக்கொள்வாளாம். நாற்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, கடன் வாங்கி ஒரு பழைய காரும் எடுத்தாள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன் இராமதாஸ், "காரா? நீயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்த மனுஷனையே முதல் சவாரிக்கு ஏற்றி உப்பளம் வரை சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அன்றிலிருந்து டயாலிசிஸ்காரர்கள்தான் அவள் சவாரி. காலையில் எங்களை முல்லா வீதியில் ஏற்றுவாள், அப்புறம் லாஸ்பேட்டை ஆள், மதியம் காலாப்பட்டு ஆள். சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து, பள்ளம் வந்தால் முன்கூட்டியே, "அண்ணே, குலுங்கும், புடிச்சுக்கங்க" என்று சொல்லித்தான் இறக்குவாள். என் சொந்தத் தங்கை இருந்தால்கூட இப்படிப் பார்த்துக்கொள்வாளா என்பது சந்தேகம்.

நெற்றி வீக்கத்தை வீடியோ காலில் பார்த்த என் மகன் ரிஹான் சென்னையிலிருந்து தாம்தூம் என்று குதித்தான்.

"ம்மா, நவம்பர்லேர்ந்து மழை முடியிற வரைக்கும் ராஜா அண்ணன் ஜீப்புல போங்க. நான் பேசிட்டேன்."

"யாரைக் கேட்டுடா பேசின?"

"அத்தாவுக்கு ஏதாவது ஆயிருந்தா யாரைக் கேக்கிறது?"

இந்த ராஜா எங்கள் தெருமுனையில் பெரிய ஜீப் வைத்து ஓட்டுபவன். பேச்சில் சர்க்கரை. கமலாவின் காரைச் சுற்றி வந்து, டயரைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, அவள் காதில் விழும்படியே சொன்னான்: "டயரு நல்லாத்தாம்மா கீது. இன்னும் ஒரு மழை தாங்கும். வண்டி மேல இன்னா தப்பு? லேடீஸ் கை, அவ்ளோதான்."

அந்த 'லேடீஸ் கை' லாஸ்பேட்டை, காலாப்பட்டு என்று ஊர் சுற்றி வந்தது. அந்த வீட்டுக்காரர்களும், "மழை முடியட்டும் கமலா, பாக்கலாம்" என்று இழுக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது எப்போது தெரியுமா? அவளே அதை நம்ப ஆரம்பித்தபோதுதான். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நெசமாவே எங்கையிலதான் கோளாறா? நான் ஓட்டக் கூடாதோ?" என்றாள். அடிப்பாவி, உன் வாயிலிருந்தா இந்தப் பேச்சு என்று திட்டினேன். திட்டினேனே தவிர, எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் அவள் தம்பி இனியவன் மூக்கை நுழைத்தான். அவன் சொல்தா குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பிரான்ஸ் போனவன். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இப்போது அவனுக்கு ஸ்ட்ராஸ்பூரில் ஏதோ கிடங்கில் வேலை. கார் வழுக்கிய கதையைக் கேட்டதும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பாதி இரைச்சல்: "க்கா, மொதல்ல பினே ஈவேர் மாத்து. இங்க நவம்பர் பொறந்தா நாங்க எல்லாரும் மாத்திடுவோம். அப்புறம் வழுக்கவே வழுக்காது."

கமலா அதை டயர் கம்பெனி பெயர் என்று நினைத்துக்கொண்டாள். காமராஜர் சாலையில் ஆரம்பித்து வில்லியனூர் ரோடு வரை கடை கடையாக ஏறி இறங்கி, "பினேவேர் டயரு இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். ஒருவராவது தெரியாது என்று சொல்ல வேண்டுமே! ஒரு கடைக்காரர், "அந்தக் கம்பெனிய இந்தியாவுல மூடிட்டாங்களே" என்றாராம். அடுத்தவர், "போன வாரம்தாம்மா தீந்துச்சு." மூன்றாவது கடையில், "அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க, சென்னைலேர்ந்து வரவழைக்கிறேன்" என்று மகா தைரியமாகச் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இதை அவள் சொல்லச் சொல்ல, பின்சீட்டில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர்.

"கமலா, கம்பெனியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பினேன்னா டயரு. ஈவேர்னா குளிர்காலம். குளிர்கால டயரு! பனிக்கட்டி மேல ஓட்டறதுக்கு."

"நல்லா இருக்கு போ!" என்றேன். "மார்கழியில கூட ஃபேன் போட்டுத் தூங்கற ஊருல பனிக்கட்டிக்கு டயரு தேடி அலைஞ்சியா?"

நாங்கள் இரண்டு பேரும்தான் சிரித்தோம், கமலா சிரிக்கவில்லை. ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, அப்ப அவன் நல்ல காலத்துக்கு ஒரு டயரு, மோசமான காலத்துக்கு ஒரு டயரு வெச்சிருக்கானா?"

"ஆமா."

"மோசமான காலம் வரப்போவுதுன்னா, அதுக்குன்னு நல்லதா எடுத்து மாட்டுறான்."

"ஆமாங்கறேன்."

"நாம இன்னாண்ணே பண்றோம்? மழைக்கு எதுக்குப் புதுசு, சேத்துல வீணாப் போவும், பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்னு பழசையே போட்டு ஓட்டுறோம்!"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உண்மைதானே? எங்கள் ஊரில் யார் மழைக்குப் புதுசு எடுப்பார்கள்? செருப்பானாலும் துணியானாலும் மழையில் பழசைத்தான் போடுவோம். இவர் செருப்புக் கடை வைத்திருந்த காலத்தில் அடைமழை மாதத்தில் கடையில் ஈ ஓட்டுவார். ஊரே தேய்ந்த செருப்போடு வழுக்கி விழுந்துகொண்டு, புதுச் செருப்புக்குப் பொங்கல் வரட்டும் என்று காத்திருக்கும்.

அன்றைக்கு மதியமே அவளோடு நானும் டயர் கடைக்குப் போனேன். ஆயுத பூஜைக்கு அடித்த பாலிஷில் நான்கு டயரும் பளபள என்று கறுத்து, புதுசு மாதிரிதான் இருந்தன. கடைக்காரர் துணியால் அழுத்தித் துடைத்துக் காட்டினார். நடுவில் பட்டன் என்கிற ரப்பர் கட்டைகள் எல்லாம் பாதிக்கு மேல் தேய்ந்து, தண்ணீர் ஓட வேண்டிய பள்ளம் ஆழமே இல்லாமல் கிடந்தது. இத்தனையும் பார்த்துவிட்டு அந்த மனுஷரே சொல்கிறார்: "இன்னும் மூணு மாசம் ஓட்டலாம்மா. மழைல போய்ப் புதுசை எதுக்கு நாசம் பண்றீங்க?"

"எனக்கு மழைக்குத்தாங்க வேணும்," என்றாள் கமலா.

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டாள். அவனோ, தெரிந்தவர் யாரோ சாமான் அனுப்புகிறார், அதோடு குளிர்கால டயரையே அனுப்பிவைக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவளும் விடாமல் கேட்டாள். அது ஏன் வழுக்காது? குளிரில் மற்ற ரப்பர் இறுகிவிடும், அது மெத்தென்று இருக்கும் என்றான். "மெத்துனு இருக்கறது நம்ம ஊரு சித்திரை வெயில்ல இன்னா ஆவும்? பஜ்ஜி மாவாட்டம் ரோட்டுல ஒட்டிக்கும். வேணாண்டா தம்பி. உனக்குப் பனி, எனக்குத் தண்ணி. தண்ணியத் தள்ளுற டயரு இங்கயே கெடைக்குது" என்று போனை வைத்தாள். பள்ளம் ஆழமாக ஓடுகிற மழை டயராகப் பொறுக்கி நான்கையும் மாற்றினாள். நான் பக்கத்தில் நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிஹானிடம் சொன்னேன். "டயர் மாத்தினா கை மாறிடுமா?" என்றான். படித்த திமிர்! நான் போனைக் கட் செய்துவிட்டேன். ஆனால் நவம்பர் பிறந்ததும் ராஜா வாசலில் வந்து நின்றான். இவர், "புள்ளை பயப்படறான், விடு" என்று சொல்லிவிட்டு, அந்த உயரமான ஜீப்பில் மூச்சு வாங்க ஏறினார். லாஸ்பேட்டைக்காரரும் காலாப்பட்டுக்காரரும் எங்களைப் பார்த்து ராஜாவிடமே போய்விட்டார்கள். கமலாவின் கார் புது டயரோடு அவள் வீட்டு வாசலில் சும்மா நின்றது.

அந்த மாதக் கடைசியில் புயல் வந்தது. ராத்திரி கரை கடந்துவிட்டது என்றார்கள். விடிந்தும் மழை விடவில்லை, காற்றும் அடங்கவில்லை. இவருக்கு விடியற்காலையிலிருந்தே கால் வீங்கி, மூச்சு இழுத்தது. டயாலிசிஸ் ஒரு நாள் தள்ளினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ராஜாவுக்குப் போன் செய்தேன்.

"தெரு முனை வரைக்கும் எடுத்துப் பாத்தேம்மா. பின்னாடி வழுக்கி வாரிக்கினு போவுது. நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றான்.

"நாளைக்கு வரைக்கும் நீ வந்து அவருக்கு மூச்சு விடுவியா?" என்று கத்தினேன். அவன் போனை வைத்துவிட்டான். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கமலா நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன்.

ரெயின்கோட்டில் சொட்டச் சொட்ட நிற்கிறாள்! "நான் கூப்பிடவே இல்லையேடி!" என்றேன்.

"இன்னைக்கு செவ்வாக்கெழமை இல்ல? அண்ணன் நாளு இல்ல? பேசாம அந்தப் பக்கம் கையக் குடுங்க, தூக்குவோம்."

முழங்கால் தண்ணீர் நிற்கிற பக்கமெல்லாம் அவளுக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டு மேடான தெருவாகப் பார்த்துச் சுற்றி ஓட்டினாள். இவருடைய மூச்சுச் சத்தம் வைப்பர் சத்தத்துக்கு மேல் கேட்டது. நான் ஓதிக்கொண்டே இருந்தேன். பெரிய ரோட்டுக்கு வந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும், ஒரு கடையின் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து வந்து எங்களுக்கு நேர் எதிரே ரோட்டில் விழுந்தது.

பிரேக். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். சுற்றப்போகிறது, இதோ சுற்றப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. தகரம் கைக்கெட்டும் தூரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டு கிடக்கிறது. கமலா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"டயருக்கா! அன்னைக்கு வழுக்குனது டயரு! நான் இல்லக்கா, நான் இல்ல!"

"நீ இல்லடி என் தங்கமே, நீ இல்ல!" என்று நானும் கத்தினேன். பின்சீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், "அது எனக்கு அன்னைக்கே தெரியும், வண்டிய எடு" என்றார். மூன்று பேரும் அழுதோம் என்றுதான் நினைக்கிறேன். எல்லாருமே நனைந்திருந்தோம், யார் கண்டது? அவள் வண்டியை ஓரமாகத் திருப்பித் தகரத்தைத் தாண்டினாள்.

டயாலிசிஸ் வார்டில் பாதிப் படுக்கை காலி. இவரைப் படுக்கவைத்து ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்து, மூச்சு வாங்குவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நர்ஸ் காலிப் படுக்கைகளைப் பார்த்து, "மத்தவங்களால வர முடியல போல" என்றார். கமலா ஈரத்தோடு அங்கேயே நின்று, யார் யார் வரவில்லை என்று கேட்டுக்கொண்டாள். லாஸ்பேட்டைக்காரர், காலாப்பட்டுக்காரர், இன்னும் இரண்டு பேர், எல்லாம் இப்போது ராஜா ஜீப்பில் வருகிற ஆட்கள். ரெயின்கோட்டை உதறி மறுபடியும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ரிஹானிடமிருந்து போன். அதுவரை லைன் கிடைக்கவில்லையாம்.

"ம்மா, வெளிய எங்கயும் கிளம்பிடாதீங்க. ரோடெல்லாம் மோசம்னு நியூஸ்ல காட்டறான். அத்தா எப்படி இருக்காரு?"

"ஆஸ்பத்திரில படுத்திருக்காரு. மெஷின் ஓடுது. நல்லா மூச்சு விடறாரு."

"அல்லாஹ்! ராஜா அண்ணன் வந்தாரா?"

"ராஜா வூட்டுல போத்திக்கினு படுத்திருக்கான். கமலா கூட்டியாந்தா."

அவன் பின்னால் ஓடிக்கொண்டிருந்த நியூஸை நிறுத்தினான்.

"ம்மா," என்றான். "அந்தக்கா கிட்ட ஒரு நிமிஷம் போனைக் குடுங்களேன்."

"அவ இங்க இல்லடா. இன்னும் நாலு பெட்டு காலியா கிடக்கு, ஆளைக் கூட்டியாரப் போயிருக்கா."