கரி வருது, எடு எடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர்களே நடத்திய இசை நிகழ்ச்சி. சீஃப் கெஸ்ட்... நான்.

சிரிக்காதீர்கள். அவர்கள் முதலில் கூப்பிட்டது என்னை இல்லை. ஒரு சினிமாப் பாடகரை. அவருடைய மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "திருவொற்றியூர்... அது எந்த டிஸ்ட்ரிக்ட்?" என்றாராம். போனை வைத்துவிட்டார்கள். மேனேஜர் இல்லை, மாணவர்கள்.

அடுத்தது நான். கதை எழுதுகிறவன். மாதவரத்தில் இருக்கிறேன். வழி சொல்ல வேண்டியதில்லை. பாட்டுக்கும் எனக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

கூப்பிட்டவள் பெயர் ஷபானா. தண்டையார்பேட்டைப் பெண். ஃபிசிக்ஸ் கடைசி வருடம். கல்லூரி மியூசிக் கிளப் செயலாளர். நேரில் வந்து அழைத்தாள்.

"போன வருஷம் இன்னா ஆச்சு தெரியுமா சார்? வெளியிலேர்ந்து பெரிய ட்ரூப் வந்தாங்க. நம்ம பசங்களுக்கு கால் மணி நேரம் குடுங்கன்னு கெஞ்சினோம். குடுத்தாங்க. எப்போ தெரியுமா? மைக் டெஸ்டிங் பண்ணும்போது."

"பாடினார்களா?"

"பாடினாங்க. 'தம்பி, நல்லா வருது, போதும்'னு சவுண்ட் செட் ஆளு சொன்னாரு. அவ்ளோதான் கைதட்டல்."

அதனால் இந்த வருடம் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். வெளி ட்ரூப் கிடையாது. சினிமாப் பாட்டு கிடையாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கல்லூரிகளில் படிக்கிறவர்கள் மட்டும். சொந்தப் பாட்டு மட்டும்.

"கூட்டம் வருமா?" என்று கேட்டேன். என் கவலை எனக்கு.

"வரவைக்கணும் சார்."

எப்படி? சாதாரணமாக நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். "நோட்டீஸ் போர்ட யாரு சார் பாக்கறா? அட்டெண்டன்ஸ் இல்லாதவன் மட்டும்தான் பாப்பான்" என்றாள். அவள் செய்தது வேறு. பாட்டுகளை போனில் ரெக்கார்ட் செய்து, பென் டிரைவில் ஏற்றி, டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரை ஓடும் ஷேர் ஆட்டோ டிரைவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவள் குரலிலேயே தேதி, நேரம், இடம்.

ஷேர் ஆட்டோவில் ஏறியவர் இறங்கும் வரை கேட்டுத்தானே ஆக வேண்டும்? வேறு எங்கே போவார்?

நானும் ஒருநாள் ஏறினேன். முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி, நடுவில் நாங்கள் எட்டுப் பேர். ஸ்பீக்கரில் ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தான். கானாவா, ராப்பா? இரண்டுக்கும் நடுவில் எங்கோ.

*மாடி மேல துணி காயுது —
கரி வருது, எடு எடு!
வெள்ளச் சட்ட கறுத்துப் போச்சு —
வேற சட்ட குடு குடு!*

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் 'எடு எடு' வரும்போதெல்லாம் கூடையில் தட்டினார்.

"யாருங்க பாடறது?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"இன்னா சார், தெரியாதா? நம்ம தில்லி. எர்ணாவூர்ல இஸ்திரி வண்டி வெச்சிருக்குதே அஞ்சல அக்கா, அது புள்ள. காலைலேர்ந்து இதுதான் ஓடிகினு கீது. நிறுத்தினா ஜனம் திட்டுது."

தில்லி பி.காம். கடைசி வருடம். அவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்த குழுவுக்குப் பெயர் 'சைடு குடு'. லாரிக்குப் பின்னால் நின்று நின்று வந்த பெயர் என்றான். கிடார் ஒன்று, கீபோர்டு ஒன்று, தண்ணீர் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்று. கவிழ்த்துப் போட்டு அடித்தால் நன்றாகவே சத்தம் வருகிறது.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு பிரின்ஸிபால் மேடத்திடமிருந்து போன். "சார், நீங்க கொஞ்சம் வந்து போக முடியுமா?"

போனேன். நல்ல மனுஷி. காபி கொடுத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பந்தல், மேடை, சவுண்ட் எல்லாம் அந்தப் பக்கத்து கம்பெனி ஒன்று தருகிறது. கெமிஸ்ட்ரி லேபுக்குப் புது மேஜை, கண்ணாடி சாமான் எல்லாம் தருவதாகவும் அதே கம்பெனி சொல்லியிருக்கிறது. அடுத்த மாதம் கேம்பஸ் இண்டர்வியூவுக்கு வரப்போவதும் அவர்கள்தான். அவர்களுடைய மேனேஜர் முன் வரிசையில் உட்காருவார்.

"அவர் முன்னாடி கரி வருதுன்னு பாடினா நல்லாவா சார் இருக்கும்?"

"அது அவங்க கம்பெனிக் கரியா மேடம்?"

"யார் கரின்னு யாருக்குத் தெரியும்? எல்லாரும் அவங்களுது இல்லைன்னுதான் சொல்றாங்க. ஆனா மனசு சங்கடப்படும் இல்லையா? நான் சொன்னா பசங்க முறைப்பாங்க. நீங்க எழுத்தாளர். எடுத்துச் சொன்னா கேப்பாங்க."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காபி நன்றாக இருந்தது. எழுத்தாளர் சொன்னால் கேட்பார்கள் என்ற வார்த்தை அதைவிட நன்றாக இருந்தது.

தில்லியையும் ஷபானாவையும் கேன்டீனில் உட்கார வைத்துப் பேசினேன். எனக்குத் தமிழ் தெரியும் என்பதைக் காட்ட ஒரு யோசனையும் வைத்திருந்தேன்.

"ஒரே ஒரு வார்த்தைதான் தம்பி. 'கரி'யை எடுத்துட்டு 'மழை'ன்னு போடு. மழை வருது, எடு எடு. தாளமும் இடிக்காது. கேக்கவும் அழகா இருக்கும்."

தில்லி என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. பரிதாபமாகத்தான் பார்த்தான்.

"சார், எங்க தெருவுல மழை வந்தா யாரும் துணிய எடுக்க மாட்டாங்க. ரேஷன் கார்ட எடுத்துகினு மாடிக்கு ஓடுவாங்க. தண்ணி வூட்டுக்குள்ள வந்துடும்."

அவனே மேலே பேசினான்.

"இது நான் எழுதின பாட்டே இல்ல சார். எங்கம்மா டெய்லி கத்தறது. ஊர்த்துணிய தோச்சி காயப்போட்டிருக்கும். காத்து இந்தப் பக்கம் திரும்பி கரித்தூளு பறந்து வந்தா வண்டிய அப்பிடியே வுட்டுட்டு மாடிக்கு ஓடும். எடு எடுன்னு எங்கள கூப்புடும். லேட்டானா திரும்பவும் எல்லாத்தையும் தோய்க்கணும். சின்ன வயசுலேர்ந்து இதத்தான் கேட்டுகினு கீறேன். கரிய எடுத்துட்டா பாட்டுல இன்னா சார் கீது? டிரம்முதான் கீது."

நியாயமான பேச்சு. ஒரு நியாயமான மனிதன் அத்தோடு எழுந்து போயிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? குரலைத் தாழ்த்தி, "தம்பி, அடுத்த மாசம் இண்டர்வியூ லிஸ்ட்ல உன் பேரும் இருக்காமே..." என்றேன்.

அவன் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான். அம்மாவுக்கு அந்த வேலை மேல் எவ்வளவு ஆசை என்று எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரியும்.

"சரி சார். பாடல," என்றான்.

மேடம் எழுத்தில் வேண்டும் என்றார். அதையும் நானே எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி பாடலை எங்கள் குழுவினர் யாரும் மேடையில் பாட மாட்டோம் என உறுதியளிக்கிறோம்.' எழுத்துப்பிழை இல்லாத கடிதம். ஷபானா இரண்டு தடவை படித்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணி. கூட்டத்தைப் பார்த்து வாட்ச்மேன் மிரண்டு போனார். கல்லூரி விதிப்படி, வெளியாட்களில் மாணவர்களின் உறவினர்களுக்கு மட்டும்தான் அனுமதி. கேட்டில் நோட்டுப் போட்டு உறவுமுறை எழுதச் சொல்லியிருந்தார்கள். வந்த பதினோரு ஷேர் ஆட்டோ டிரைவர்களும் 'மாமா' என்று எழுதியிருந்தார்கள். யாருக்கு மாமா என்று நோட்டில் கேட்கவில்லை.

முதலில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் வயலின் வாசித்தாள். காலையில் குழாயடியில் குடம் வரிசையாக வைக்கும் சத்தத்தை வைத்து அவளே போட்ட மெட்டாம். குடம் நிரம்புவது காதில் கேட்டது, நிஜமாக. அடுத்து எண்ணூர் பையன்கள் இருவர். வாயாலேயே தாளம். அவர்கள் இறங்கும்போது யாரும் 'தம்பி, போதும்' என்று சொல்லவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று கத்தினார்கள். ஷபானா மேடை ஓரத்தில் நின்று கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் 'சைடு குடு'. மூன்று பாட்டு பாடினார்கள். நல்ல பாட்டுகள்தான். தில்லி, "தேங்க்ஸ்," என்று கும்பிட்டான்.

யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல் — "தில்லி, கரி எங்கடா?"

இன்னொரு குரல் — "இத்துக்குதான் சவாரிய வுட்டுட்டு வந்து குந்தினு கீறோம்!"

தில்லி ஷபானாவைப் பார்த்தான். ஷபானா பிரின்ஸிபாலைப் பார்த்தாள். பிரின்ஸிபால் என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சி நிரலை ஆழ்ந்து படித்தேன்.

தில்லி மைக்கை விட்டு இரண்டடி பின்னால் போனான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மற்ற மூன்று பேரும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர்கள் மாதிரி.

அப்போதுதான் ஏழாவது வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். அஞ்சலை அம்மாள், தில்லியின் அம்மா. அவருக்குக் கடிதம் பற்றியெல்லாம் தெரியாது. பையன் சொல்லவில்லை. அவர் நினைத்தது ஒன்றுதான் — பிள்ளை வரியை மறந்துவிட்டான். இத்தனை ஜனத்தின் முன்னால் முழித்துக்கொண்டு நிற்கிறான்.

"டேய்... மாடி மேல துணி காயுது," என்று எடுத்துக் கொடுத்தார்.

பையன் வாயைத் திறக்கவில்லை.

"கரி வருதுடா! எடு எடு!"

அது பாட்டாகவே இல்லை. நிஜமாகவே மாடியைப் பார்த்துக் கத்துகிற குரல். வருடக்கணக்காக அந்தக் குரலில்தான் கத்தியிருப்பார். ஒரு நிமிடம் எனக்கே எழுந்து ஓடிப்போய்த் துணியை எடுக்க வேண்டும் போல இருந்தது.

அவ்வளவுதான். பதினோரு மாமாக்களும் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் பெண்கள். அப்புறம் மாணவர்கள். நாற்காலியில் தட்டினார்கள், டிபன் பாக்ஸில் தட்டினார்கள். முழுப் பாட்டையும், ஒரு வரி விடாமல்... மேடையில் நான்கு பேர் வாயை மூடிக்கொண்டு நிற்க, மைதானம் மொத்தமும் பாடியது. தில்லி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

பிரின்ஸிபால் என் பக்கம் குனிந்தார். "மேடையில யாரும் பாடலை இல்ல?"

"இல்ல மேடம். ஒருத்தரும் பாடலை."

"அப்ப சரி," என்றார். அவர் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எனக்கு எப்படி இருந்தது? வெட்கமாக இருந்தது. அடுத்து நான் பேச வேண்டும். கையில் நான்கு பக்க உரை. தலைப்பு — 'இளைஞர்களே, அச்சம் தவிர்ப்போம்'. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். நீளமான கைதட்டல் கிடைத்தது. என் உரைகளுக்கு இதுவரை இப்படிக் கிடைத்ததில்லை.

கம்பெனி மேனேஜர் செல்வராஜ் பந்தல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர். நானே போய் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் முழித்தார்.

"எதுக்கு சார்? பத்து நாளா ஷேர் ஆட்டோல இதைத்தானே கேட்டுட்டு வாரேன். நல்ல பாட்டுல்லா? அந்தப் பையன் ஏன் பாடாம நின்னான்?"

சொன்னேன். கடிதம், மேடம், இண்டர்வியூ, எல்லாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார். பிறகு ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "பாட்டுக்கெல்லாம் கம்பெனி பயப்படாது சார். யார் பாடினாலும் காத்து அடிக்கிற பக்கம் அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். பையனை இண்டர்வியூக்கு வரச் சொல்லுங்க. அக்கவுண்ட்ஸ்ல பாட்டுக்கு மார்க் கூட்டவும் மாட்டாங்க, குறைக்கவும் மாட்டாங்க."

கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. வேண்டாம் என்று யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. மேனேஜர் சங்கடப்படுவார் என்று மேடம் சங்கடப்பட்டார். மேடத்துக்காக நான் சங்கடப்பட்டேன். எனக்காக அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டான். நம் ஊரில் பாதித் தடைகள் இப்படித்தான் வருகின்றன — உத்தரவு போட ஆளே இல்லாமல்.

நேற்று ஷபானா வீட்டுக்கு வந்திருந்தாள். நிகழ்ச்சி போட்டோ கொடுக்க. தில்லிக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இண்டர்வியூவில் ஹாபி என்னவென்று கேட்டிருக்கிறார்கள். பாட்டு என்றிருக்கிறான். என்ன மாதிரிப் பாட்டு என்று கேட்டதற்கு, "வூட்டுப் பாட்டு சார்" என்றானாம். வயலின் பெண்ணை இரண்டு கல்லூரிகளில் கூப்பிட்டிருக்கிறார்கள். முழு நேரம். மைக் டெஸ்டிங்குக்கு இல்லை.

செல்வராஜ் சொன்னதை அவளிடம் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னேன். பாட்டுக்கெல்லாம் கம்பெனி பயப்படாதாம்.

ஷபானா பையிலிருந்து போனை எடுத்தாள்.

"அப்பிடியா சொன்னாரு? அப்போ அடுத்த பாட்ட கம்பெனி பேரு போட்டே எழுதலாம் சார்."

போனில் சார்ஜ் இல்லையாம். பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.

கொடுத்தேன்.