ஐந்து முறை தட்டினான்

பேய் பிசாசு விஷயத்தில் நான் வறண்ட ஆள். நஞ்சன்கூடு பக்கம் ஒரு சாயப்பொடித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் பாதுகாப்பு அதிகாரி. பாய்லரில் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று ஆட்கள் ஆடு வெட்டிய இடத்தில், ரத்தம் காய்வதற்குள் போய் நின்று, ‘வால்வு பழுது’ என்று எழுதிவிட்டு வந்தவன். நான் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன், எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மைசூரில் எனக்கு பைபாஸ் நடந்தது. அறுவைக்கு முன் ஒரு தாள் கொடுத்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், காய்ச்சல் வரலாம், சிலருக்குச் சில நாள் புத்தி தடுமாறி இல்லாதது தெரியலாம் என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்துக் கையெழுத்துப் போட்டேன். “இந்தக் கடைசி வரி மத்தவாளுக்கு” என்றேன். என் மனைவி பத்மா, “ஆமா, உங்களுக்குப் புத்தி தடுமாறினா யாருக்கு வித்தியாசம் தெரியப்போறது” என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் துடிப்பு தாறுமாறானது. தாளில் இருந்தபடிதான். பிற்பகல் மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவிட்ச் பலகையில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்குவதைப் பார்த்தேன்.

அது எனக்குத் தெரிந்த பூட்டு. எங்கள் தொழிற்சாலையில் சாயப்பொடி கலக்கும் பெரிய இரும்பு டிரம் ஒன்று இருந்தது, உள்ளே ஆள் உயரத்துக்குச் சுழலும் தகடுகள். சுரண்டிச் சுத்தம் செய்ய உள்ளே இறங்குகிறவன் முதலில் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவனே வந்து திறக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. விதியை எழுதியவன் நான். பூட்டின் மேல் வெள்ளைப் பெயின்டில் பதினேழு. டிரம் சுரண்டும் சவரிமுத்துவின் எண்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மேல் டிரம்மின் மூடி இறங்கியிருந்தது. நர்ஸ் ஜெசிந்தா அவருடைய மருந்துப் பம்பின் பொத்தானை அழுத்தக் கை நீட்டினாள்.

நான் எழுந்தேன். கழுத்திலிருந்த குழாயைப் பிடுங்கினேன், மணிக்கட்டு ஊசியும் அதோடு வந்து கட்டில் விரிப்பு நனைந்தது. விலாவில் செருகியிருந்த குழாயை இழுத்து, அதன் முனையில் பாதி ரத்தத்தோடு கிடந்த டப்பாவைத் தூக்கி அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தேன். விழுந்தவளின் கையை மிதித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. இன்னொருத்தியின் தோளைக் கடித்தேன். நான்கு பேர் சேர்ந்து என்னை மல்லாத்தினார்கள், அந்த முரட்டுத்தனத்தில் என் நெஞ்செலும்பைக் கட்டியிருந்த கம்பிகள் ஒவ்வொன்றாய் அறுந்தன. இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள்.

பிறகு இருட்டு. மூக்கில் சாயப்பொடி நெடி. நான் இரும்புக்குள் இருந்தேன். சுவரைத் தட்டினேன். ஐந்து முறை தட்டினேன். தகடு அசைந்தது. முதலில் முழங்காலைத்தான் பிடித்தது. மற்றதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் எந்த வரிசையில் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி அறுத்து, மறுபடி தைத்து, ஐந்து நாள் கழித்துத் தெளிந்தேன். டாக்டர் விளக்கினார்: மயக்க மருந்து, தூக்கமின்மை, ரத்தத்தில் உப்புக் குறைவு, வயது. ஒழுங்கான அறிக்கை. நானாயிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தெளிந்த மறுநாள் ஜெசிந்தா வந்தாள். கையில் மாவுக்கட்டு, ஒரு கண் இன்னும் கறுத்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

“அது கெடக்குதுங்க ஐயா. என்ர வேலையில இதெல்லாம் சகஜமுங்க. சவரிமுத்துங்கறது யாருங்க?”

“ஏம்மா?”

“கட்டிப்போட்டப்பறம் நீங்க பேசுனது உங்க பேச்சே இல்லீங்க. எங்கூரு மார்டள்ளிப் பேச்சு. ‘நான் சவரிமுத்துங்க, பூட்டு என்னுதுங்க, சாவி எங்கிட்ட இருக்குதுங்க, நான் உள்ளதானுங்க இருக்கறேன்’னு திருப்பித் திருப்பிச் சொன்னீங்க.”

பத்மா என்னைப் பார்த்தாள். “ஏன்னா, யாரு அது?”

அவளிடம் சொல்லாததை அன்று சொன்னேன். சவரிமுத்துவும் மார்டள்ளிக்காரன்தான். மார்டள்ளி, ஹனூர் ஆட்கள் எல்லோரும் நான்கு மணி பஸ்ஸில் ஊர் திரும்புவார்கள். பஸ் தவறிவிடும் என்று, முதலில் வாசலுக்கு வருகிறவன் எல்லோருக்கும் சேர்த்து வெளியேறும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவான். எனக்குத் தெரியும், கண்டுகொள்ளவில்லை. அன்று சவரிமுத்துவின் பூட்டு சுவிட்சிலேயே தொங்கியது, பதிவேடு அவன் போய்விட்டதாகச் சொன்னது, அடுத்த ஷிப்ட் காத்திருந்தது. பூட்டை அறுக்க ஒரு படிவம் உண்டு. அதில் நான்காவது கட்டம், ‘உள்ளே பார்க்கப்பட்டது’. நான் டிக் போட்டேன். பார்க்கவில்லை. பூட்டை அறுத்தோம், சவரிமுத்து உள்ளேதான் இருந்தான்.

விசாரணை அறிக்கையையும் நானே எழுதினேன். ‘தொழிலாளி விதியை மீறினார்.’

வீடு திரும்பியதும் அன்று சுவிட்சைப் போட்ட தங்கராசுவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுக் கொள்ளேகாலில் இருக்கிறான்.

“தங்கராசு, அன்னிக்கு டிரம்முக்குள்ளேர்ந்து சத்தம் வந்ததா?”

அவன் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“வந்துச்சுங்க சார். அஞ்சு தடவ. நீங்களுந்தான பக்கத்துல நின்னீங்க. பொடி கட்டி விழுகுது, போடுன்னு சொன்னதே நீங்கதானுங்க.”

என் மனம் புதைத்து வைத்திருந்ததை மருந்து தோண்டி எடுத்துவிட்டது, அவ்வளவுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டே கம்பெனிக்கு ஒரு கடிதமும் எழுதினேன்: தவறு அவனுடையது அல்ல, டிக் என்னுடையது, அறிக்கையைத் திருத்துங்கள். காலக்கெடு முடிந்த கோப்புகள் நடைமுறைப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. அந்த நடைமுறையை எழுதியதும் நான்தான். கடிதத்தின் நகலை ஜெசிந்தா மார்டள்ளிக்கு எடுத்துப்போய் அவன் மனைவியிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாராம்.

விளங்காதது ஒன்றுதான். மருத்துவமனையில் என் கேஸ் தாள்களைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் படித்தேன். கைகள் கட்டப்பட்டது மூன்று இருபது. கால் மணிக்கு ஒரு முறை தோல் பரிசோதனை: காயம் இல்லை, காயம் இல்லை, காயம் இல்லை. அவிழ்த்தது ஆறு நாற்பது: வலது கை விரல் முட்டிகள் நான்கிலும் தோல் உரிந்திருக்கிறது. அந்தக் கட்டிலில் இடிக்க இரும்பே கிடையாது, தடுப்பு எல்லாம் பிளாஸ்டிக். பக்கத்துக் கட்டில் நடத்துநரை டிஸ்சார்ஜ் அன்று பார்த்தேன். “ஏன் சார், அன்னிக்கு யாரு அந்தத் தகரத்தைப் போட்டுத் தட்டினது?” என்று கேட்டார்.

காயம் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் நீலமாக இருக்கிறது. ரத்தக்கட்டு, கரைந்துவிடும் என்றார் டாக்டர். கரையவில்லை. அன்று டிரம்மில் இருந்தது நீலப்பொடி.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் நான் கதவைத் தட்டுவதில்லை. மணி இல்லாத வீடென்றால், யாராவது வெளியே வரும்வரை வாசலில் நிற்கிறேன்.